இரண்டு ஊக்கு, ஒரு காந்தம்

பிள்ளைக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் பெற்றோர் இயற்பியலுக்கு முதலில் தேடுவது, அட்டையில் வயது அச்சிட்ட புத்தகத்தை. புனே பல்கலைக்கழக வளாகத்து ‘ஐயூக்கா’ வானியல் மையத்தின் சிறுவர் அறிவியல் கூடம் வேறு வழி காட்டியது. கான்பூர் ஐஐடியில் படித்து, டெல்கோ நிறுவன வேலையை உதறிய அரவிந்த் குப்தா அங்கேதான் பல ஆண்டுகள் குப்பைப் பொருள்களில் பொம்மை செய்தார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர் பரப்பிய எளிய மோட்டாரைப் பாருங்கள். டார்ச் பேட்டரி, இரண்டு ஊக்கு, காந்தம், எனாமல் பூசிய செம்புக் கம்பிச் சுருள், ஒரு ரப்பர் பேண்ட். கம்பியின் ஒரு முனையில் எனாமலை முழுக்கச் சுரண்ட வேண்டும். மறுமுனையில் ஒரு பக்கம் மட்டும். இரண்டையும் முழுக்கச் சுரண்டினால் சுருள் சற்று ஆடி நின்றுவிடும். அரைச் சுற்றுக்கு மின்சாரம் அறுபட்டால்தான் காந்தம் அதைப் பின்னுக்கு இழுக்காது. எட்டு வயதுப் பிள்ளைக்கு இந்த விளக்கம் சொல்ல வராது. ஆனால் சுருள் நின்றுபோனால், வேறு கம்பி எடுத்து மறுபடி சுரண்டும். சுரண்டியே தரும் விலையுயர்ந்த கிட்டில் இந்தப் பாடம் பறிபோகிறது என்பது என் கருத்து.

புத்தகமும் வேண்டும்தான். குப்தாவின் இணையதளத்தில் அவருடைய தீக்குச்சி மாதிரிகள் நூல் உட்பட ஏராளமானவை இலவசம். எதை எடுத்தாலும், முதல் பக்கத்துச் சோதனையை நீங்களே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள்.