கண்டதில் நின்றது எது?

பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து சோளசிம்மபுரம் செல்லும் அன்பர்கள் 1305 படிகளேறி யோக நரசிம்மனைச் சேவிக்கின்றனர். கூட்டமான நாட்களில் வாய்ப்பது சில விநாடிகளே. வெளியே வந்தபின், பெருமாளுக்கு இன்று என்ன சாற்றுப்படி என்று வினவினால் பலர் விழிக்கின்றனர். கண் திறந்திருந்தது, திருமேனி எதிரே இருந்தது, தீபமும் இருந்தது. எனினும் உள்ளே ஒன்றும் தங்கவில்லை. இக்குறை யாருடையது?

மனம் அணுவளவினது, ஆதலால் இரண்டு ஞானங்கள் ஒருங்கே பிறவா என்பர் நையாயிகர். வைசேஷிக ஆசாரியரான ப்ரசஸ்தபாதர் இன்னும் ஒரு படி மேலே சென்று, எந்தக் காட்சி நினைவுக்கு வித்தாகிய ஸம்ஸ்காரத்தை விளைக்கும் என ஆராய்ந்தார். வியப்பினால் கூர்மையுற்றது, பலகால் பயின்றது, ஆதரத்தோடு கண்டது என மூன்றைக் கூறினார். வியப்புக்கு அவர் காட்டும் உதாரணம் தென்னாட்டான் ஒட்டகத்தைக் காண்பது! (நாம் வருந்த வேண்டியதில்லை, இன்றும் ஒட்டகம் வந்தால் தெருவே கூடுகிறது.) ஆதரமாவது, மனத்தை முயன்று கண்ணில் நிறுத்தி, காணாததைக் காண விழைதல். அங்ஙனம் விழைபவனுக்கு மின்னற்பொழுதே போதும்.

1960இல் அமெரிக்க அறிஞர் ஜார்ஜ் ஸ்பெர்லிங் சில வரிசைகளாக எழுத்துக்களை ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரம் காட்டினார். பார்த்தவர்கள் நான்கைந்துக்கு மேல் சொல்ல இயலவில்லை. எழுத்துக்கள் மறைந்தவுடனே ஓர் ஒலியால் இன்ன வரிசை என்று குறிப்பித்தபோதோ, அவ்வரிசையில் பெரும்பாலானவற்றைச் சொல்லிவிட்டனர். யாவும் ஒரு கணம் உட்புகுந்திருந்தன. கவனம் தொட்டதே தங்கிற்று. 1997இல் லக், வோகல் என்னும் இருவர், ஏறத்தாழ நான்கு பொருள்களே கண்ணின் உடனடி நினைவில் நிற்கும் என்று கண்டனர்.

அர்ச்சகர் தீபத்தைத் திருவடியினின்று மெல்ல உயர்த்திக் காட்டுவதும் அவ்வொலி போன்ற குறிப்பே. தீபம் காட்டுமிடத்தில் கண்ணும், கைப்பேசித் திரையில் மனமும் இருப்பின் குறிப்பு வீணாகிறது.

எம்பெருமான் நம்மைக் கடாக்ஷித்தால் போதாதோ எனலாம். கடாக்ஷம் அவன் செயல், அதில் குறைவில்லை. நினைவோ ஜீவனிடத்தில் விளைவது. எதைக் கொள்வது, எதை விடுவது என்னும் தேர்வு ஜீவனுடையதாகையால் பொறுப்பும் அவனதே. நெரிசலின்மேல் பழி போடுதல் பொருந்தாது.

திருப்பாணாழ்வார் அமலனாதிபிரானில் அரங்கனைச் சேவித்த முறை காண்க. திருவடி, பீதாம்பரம், உந்தி, உதரபந்தம், மார்பு, கண்டம், திருவாய், திருக்கண்கள் எனப் பாட்டுக்கு ஒன்றாகவே கொள்கிறார். முழுத் திருமேனியின் நீலம் நெஞ்சைக் கவர்ந்தது ஒன்பதாம் பாட்டில்தான்.