சுவரைக் கடக்கும் இன்பம்

மனிதன் தனக்கென அமைத்துக்கொள்ளும் இன்பங்களுள் பெரும்பாலானவை அவனளவில் நின்றுவிடுகின்றன. ஒருவன் உண்ணும் விருந்து அடுத்த வீட்டாரின் நாவில் படுவதில்லை. அவன் உடுத்தும் பட்டு அவர்களுடைய மேனியை உறுத்துவதுமில்லை. ஒலியால் வரும் இன்பமோ அத்தகையதன்று. அது புறப்பட்ட இடத்தில் நில்லாது வாசலைத் தாண்டுகிறது. அழையாத செவிகளிலும் புகுகிறது. கண்ணுக்கு இமையைத் தந்த இறைவன் செவிக்குக் கதவு வைக்கவில்லை. ஆகவேதான், 'என் இன்பத்தின் எல்லை எது?' என்னும் பழைய கேள்வி, ஒலியைப் பொறுத்தவரை கூர்மையாக எழுகிறது. அண்மையில் எங்கள் தெருவில் நிகழ்ந்த ஒன்று அக்கேள்வியை என் முன்னே கொண்டுவந்து நிறுத்தியது.

என் தங்கை மகன் வெளிநாட்டில் உழைத்துச் சேர்த்த பணத்தில் பழைய கார் ஒன்றை வாங்கினான். அதில் தன் விருப்பம்போல் ஓர் ஒலி அமைப்பைப் பொருத்தினான். சாமான் வைக்கும் பின்பகுதியில், மரப்பெட்டிக்குள், பன்னிரண்டு அங்குல விட்டமுள்ள 'சப்வூஃபர்' அமர்ந்தது. அதனை இயக்க ஓர் ஆம்ப்ளிஃபயர். பாட்டரியிலிருந்து அதற்குத் தடித்த செம்புக் கம்பி. பாட்டரிக்கு அருகிலேயே ஒரு ஃபியூஸ். எல்லாவற்றையும் அவன் முறைப்படி செய்திருந்தான். 12 வோல்ட் பாட்டரியிலிருந்து 600 வாட் எடுக்க வேண்டுமாயின் 50 ஆம்பியர் மின்னோட்டம் பாயும் என்றும், கம்பி மெலிந்திருந்தால் சூடேறித் தீப்பிடிக்கும் என்றும் அவன் எனக்கு விளக்கினான். தன் காரைப் பற்றி அவன் கொண்டிருந்த கவனம் பாராட்டுக்குரியதாகவே இருந்தது.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின், காரை வாசலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, மின்னணு இசை ஒன்றை ஒலிக்கச் செய்தான். பாடலின் சொல்லோ மெட்டோ வெளியே கேட்கவில்லை. 'தும்... தும்...' என்ற அதிர்வு மட்டும் தரை வழியே வந்தது. அலமாரியிலிருந்த பீங்கான் கோப்பைகள் நடுங்கின. அந்நேரம் இரண்டு வீடு தள்ளி வசிக்கும் பெண்மணி ஒருவர் பதறியடித்துக்கொண்டு தெருவுக்கு ஓடிவந்தார். அவர் எங்களையும் பார்க்கவில்லை, காரையும் பார்க்கவில்லை. மேற்கு வானத்தைப் பார்த்தார்.

சாத்தூரை அறியாதார்க்கு இதன் பொருள் விளங்காது. மேற்கே சிவகாசி, சுற்றிலும் பட்டாசு ஆலைகள். 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் மீண்டும் ஒரு பெரும் விபத்து. பல குடும்பங்கள் ஒரே நாளில் நிராதரவாயின. இங்கே கனத்த அதிர்வு ஒன்று எழுந்தால், முதலில் தரை சொல்லும். பிறகு வானில் புகை சொல்லும். அப்பெண்மணி தம் கணவரை அவ்வாறான ஒரு விபத்தில் இழந்தவர். அவருடைய மகள் அன்றும் ஆலை வேலைக்குப் போயிருந்தாள், வீடு திரும்பியிருக்கவில்லை.

நான் மருமகனைக் கண்டித்தேன். அவன் பணிவுடன்தான் பேசினான். ஆனால் தன் வாதத்தை விடவில்லை. “மாமா, வெடி செய்து விற்கிற ஊரில் என் பாட்டு மட்டும்தானா சத்தம்? இரவு பத்து மணியும் ஆகவில்லை. கருவி வைத்து அளந்தாலும் சட்டம் சொல்லுகிற அளவுக்குள்தான் இருக்கும். நம் வீட்டுக் கல்யாணங்களில் கூம்பு ஒலிபெருக்கி கட்டாமலா இருந்தோம்?” என்றான். மூன்று கேள்விகளும் நியாயமானவையே. உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. ஆகவே எண்ணிப் பார்த்தேன்.

இசை கூடுமா கூடாதா என்னும் நெடிய விவாதத்திற்குள் நான் இங்கு நுழையவில்லை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் இசை கேட்டலின் ஒழுங்குகளுக்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். தத்துவ மேதை ஃபாராபி இசையைப் பற்றிப் பெருநூல் ஒன்று யாத்தார். கருத்து வேறுபாடு தொன்றுதொட்டு உள்ளது. தாழ்ந்த சுருதியின் மீது மனிதனுக்குள்ள ஈர்ப்பும் புதியதன்று. தமிழ் மன்னர்களின் முரசும், தவிலும், நாகூரில் முழங்கும் நகராவும் நெஞ்சைத் தொட்டது அதனால்தான். 1950-களில் ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்தார் பெரும் ஒலிபெருக்கிகளைத் தெருவில் அடுக்கி ஆடினர். 1980-இல் ஜப்பானிய ரோலண்ட் நிறுவனம் வெளியிட்ட டி.ஆர். 808 என்னும் தாளப்பொறி, முரசின் ஆழ்ந்த ஒலியை மின்சாரத்தால் உண்டாக்கிக் காட்டியது. இளைஞர் இன்று கேட்பது அந்த மரபின் பிள்ளையே. அந்த ஈர்ப்பை நான் இழிவென்று சொல்லமாட்டேன். என் கேள்வி, ஒலிப்பது யாது என்பதன்று. அது எங்கே போய்ச் சேருகிறது என்பதே.

இந்த வேறுபாட்டை நாமாகக் கற்பித்துக்கொள்ளவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இஃதிகாஃப் இருந்தபோது, சிலர் உரத்த குரலில் திருமறை ஓதக் கேட்டார்கள். திரையை விலக்கி, ஒவ்வொருவரும் தத்தம் இறைவனோடு உரையாடுகிறீர்கள், ஆதலால் ஒருவர்க்கொருவர் தொல்லை தராதீர்கள் என்னும் கருத்துப்பட அறிவுறுத்தினார்கள். இச்செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. ஓதப்பட்டது இறைவேதம், ஓதிய இடம் பள்ளிவாசல். ஆயினும் அருகிலிருப்பவரின் அமைதிக்கு உரிமை உண்டென்று நிலைநாட்டப்பட்டது. வேதத்திற்கே இந்த வரையறை எனில், வேறெந்த ஒலிக்கு விலக்கு உண்டு?

ஆகவே மருமகனின் மூன்றாம் கேள்விக்கு விடை, நம் தலையைக் குனிவதே. நாகூர் ஹனீபா அவர்களின் கணீர்க் குரலைக் கூம்புகளில் கட்டி, நோயாளி இருக்கும் வீட்டின் பக்கமாகவே திருப்பி வைத்தவர்கள் நாம். பாட்டு நல்லதாயிருந்தது, ஆனால் கேட்கும் நிலையில் எல்லாரும் இருந்தனரா என்று நாம் வினவவில்லை. 2000 ஆகஸ்டு 30-இல், சென்னையிலுள்ள ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில் உச்சநீதிமன்றம், பிறர் அமைதியைக் குலைத்து வழிபட வேண்டுமென எந்தச் சமயமும் விதிக்கவில்லை என்று கருத்துரைத்தது. அத்தீர்ப்பு ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று. முன்னோர் செய்த தவறு பின்னவர்க்கு அனுமதிச் சீட்டாகாது; அதே சமயம், தன் தவற்றை ஒப்புக்கொள்ளாத முதியவனின் உபதேசம் இளைஞன் செவியில் ஏறாது.

முதல் கேள்விக்கு வருவோம். பட்டாசு ஊர்தான் இது. ஆனால் ஒலியை விற்றுப் பிழைக்கும் தொழிலுக்கே இங்கு அளவு உண்டு. வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபலைத் தாண்டும் வெடியைச் செய்யவோ விற்கவோ கூடாதென 1999-இல் விதி வந்தது. 2018 அக்டோபர் 23-இல் உச்சநீதிமன்றம் தீபாவளியன்று வெடிக்கும் நேரத்தை இரண்டு மணியாகச் சுருக்கியது. சரவெடியைத் தடை செய்தது. இவ்வட்டாரத்து ஏழைகளின் அடுப்பை அத்தீர்ப்பு தொட்டது. அவர்கள் வயிற்றுக்காகச் செய்யும் ஒலிக்கே நாளும் நேரமும் அளவும் இருக்க, நாம் பொழுதுபோக்குக்காக எழுப்பும் ஒலிக்கு எதுவும் இல்லையென்பது எவ்வாறு பொருந்தும்? அன்றியும், தீபாவளி வெடி வருமென்று ஊர் அறியும். எதிர்பாராது வரும் அதிர்வே நெஞ்சைப் பிளக்கிறது.

இரண்டாம் கேள்விதான் கடினமானது. ஏனெனில் மருமகன் சொன்னது ஏறக்குறைய உண்மை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என வரையறுக்கின்றன. தனியார் ஒலி அமைப்பு தன் எல்லையில், அப்பகுதிக்கு வரையறுத்த அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் மிகலாகாது என்றும் விதி உண்டு. ஆனால் இவ்வளவுகள் 'ஏ' எனப்படும் நிறையீட்டு முறையில் எடுக்கப்படுபவை. மனிதச் செவி தாழ்ந்த ஒலியைக் குறைவாக உணர்வதால், கருவியும் அதைக் குறைத்தே எண்ணுகிறது. நொடிக்கு 50 முறை அதிரும் ஒலியாயின், அக்கணக்கில் ஏறக்குறைய 30 டெசிபல் கழிக்கப்படும். உண்மையில் 75 டெசிபல் வலிமையுள்ள அதிர்வு, ஏட்டில் 45 என்று பதியும். சட்டம் தன் காதால் கேட்கிறது. பீங்கான் கோப்பைக்கும் தரைக்கும் காது இல்லை, நடுக்கமே உண்டு.

சுவரும் இங்கு உதவாது. நொடிக்கு 40 முறை அதிரும் ஒலியின் அலைநீளம் எட்டரை மீட்டர். எங்கள் தெருவில் பல வீடுகள் அவ்வளவு அகலமில்லை. அதிர்வெண் பாதியாகக் குறையும்போது, சுவரின் தடுக்கும் ஆற்றலும் ஏறத்தாழ 6 டெசிபல் குறைந்துவிடுகிறது. எனவேதான் கண்ணாடியை ஏற்றியபின் பாட்டு உள்ளே தங்கியது. அதிர்வு மட்டும் வெளியேறியது. பாடலின் இனிமை அவனுக்கு, எஞ்சிய இடி அண்டை வீட்டாருக்கு என்று பங்கு பிரிந்தது.

அப்படியாயின் சட்டம் பிடிக்காத தீங்கு தீங்கில்லையா? இவ்விடத்தில் நான் மதரஸாவில் படித்த பாடம் ஒன்று நினைவுக்கு வந்தது. 1869 முதல் 1876 வரை உதுமானியப் பேரரசு தொகுத்த 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பில் அண்டை வீட்டார் உரிமை பற்றிய பகுதி உண்டு. ஒருவன் தன் உடைமையைத் தன் விருப்பப்படி ஆளலாம். ஆனால் பிறர்க்கு மிகுதியான தீங்கு விளையுமாயின் தடுக்கப்படுவான் என்பது அதன் அடிப்படை. அதற்குத் தந்த எடுத்துக்காட்டுகள் கொல்லன் பட்டறையும் மாவாலையும். சம்மட்டி அடியாலும் ஆலையின் சுழற்சியாலும் பக்கத்துக் கட்டடம் தளருமாயின், அத்தீங்கு நீக்கப்பட வேண்டும். டெசிபல் என்னும் சொல்லே பிறவாத காலத்தில் அச்சட்ட வல்லுநர்கள் அதிர்வைத் தீங்கெனக் கண்டனர். அதை அவர்கள் எழுப்புபவன் பக்கமிருந்து அளக்கவில்லை, ஏற்பவன் பக்கமிருந்தே அளந்தனர். கட்டடம் மட்டுமன்று, ஒருவர் தம் வீட்டில் வழக்கம்போல் குடியிருக்க இயலாமற் போவதும் அக்கணக்கில் சேரும்.

இதுவே நான் கண்ட விடை. சட்டத்தின் அளவு, அரசு தலையிட வேண்டிய இடத்தைக் காட்டுகிறது. மனிதன் வெட்கப்பட வேண்டிய இடத்தை அது காட்டுவதில்லை. அதைக் காட்டுவது அண்டை வீட்டாரின் முகமே. அவர்களுள் ஒருவர் சற்று மிகைப்பட அஞ்சுபவராயின், 'இது உங்கள் பலவீனம்' என்று தள்ளிவிட நமக்கு உரிமை உண்டா? ஊரில் எல்லாருடைய கோரிக்கைக்கும் அடங்கினால் எவரும் மூச்சுவிட முடியாது என்பது மெய்யே. ஆனால் அவ்வச்சம் எங்கிருந்து வந்ததென நாம் அறிந்திருந்தும் அதே செயலைச் செய்வது, அறியாது செய்ததோடு ஒன்றாகாது. அறிவு கடமையைக் கூட்டுகிறது.

மருமகனிடம் இதனைச் சொன்னேன். மஜல்லாவின் மாவாலையை அவன் வியப்புடன் கேட்டான். பிறகு தன் கலையை எனக்குக் கற்பித்தான். ஆம்ப்ளிஃபயரிலுள்ள 'கெயின்' என்பது சத்தத்தைக் கூட்டும் திருகன்று, வரும் மின்குறிப்புக்கு ஏற்பப் பொருத்தும் அளவு என்றான். சிறிய கார் அறைக்குள் தாழ்ந்த ஒலி தானே வலுப்பெறும், ஆகவே உள்ளே இருப்பவனுக்குச் சிறு ஆற்றலே போதும் என்றும் ஒப்புக்கொண்டான். எஞ்சிய வாட்டெல்லாம் யாருக்காக என்று கேட்டேன். சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். ஓட்டுநர் கைக்கெட்டும் இடத்தில், தாழ்ந்த ஒலியை மட்டும் குறைக்கும் சிறு குமிழ் ஒன்றை மறுவாரமே பொருத்தினான்.

ஒன்று எஞ்சியிருந்தது. உடைந்த கோப்பைக்கு விலை கொடுக்கலாம். ஊட்டிய அச்சத்திற்கு விலை ஏது? அடியார்க்குச் செய்த தவற்றை அவ்வடியாரே மன்னிக்க வேண்டும் என்பது நம் மார்க்கத்தின் பாடம். அவன் அப்பெண்மணியின் வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் சொன்னது இவ்வளவே: “பாட்டு கேக்க வேணாம்னு நான் சொல்லலப்பா. எம்மக வேலைக்குப் போயி வீடு வந்து சேர்ற வரைக்கும் மட்டும் பொறுத்துக்க.”

சட்டம் விதித்த எல்லை இரவு பத்து மணியில் தொடங்குகிறது. அந்தத் தாய் கேட்ட எல்லை, ஒரு மகள் வீடு திரும்பும் மாலைப் பொழுதோடு முடிகிறது. எந்த விதிநூலிலும் எழுதப்படாத அந்த எல்லையை அவன் ஏற்றுக்கொண்டான். இப்போது நான்குவழிச் சாலையிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்பும் வளைவில், அவன் கை கேட்காமலேயே அந்தக் குமிழுக்குப் போகிறது.