காப்பும் கட்டாயமும்: கணினி இற்றைப்படுத்தல் பற்றிய ஓர் ஒழுக்கவியல் நோக்கு

ஒரு பொருளை 'இஃது என்னுடையது' என்று நாம் கூறும்போது எதனைக் கருதுகின்றோம்? பணம் கொடுத்து வாங்கியது, வீட்டில் இருப்பது, கைக்கு அடங்குவது என்றெல்லாம் விடை கூறலாம். எனினும் உடைமை என்னும் எண்ணக்கருவைச் சற்று ஆழ்ந்து நோக்குமிடத்து, அப்பொருள் எப்போது எதனைச் செய்ய வேண்டுமெனத் தீர்மானிக்கும் அதிகாரமே அதன் உயிர்நிலை என்பது புலனாகும். எருது உழவனுடையது என்பதன் பொருள், அஃது எந்நேரம் ஏரிற் பூட்டப்படும் என்பதை உழவனே தீர்மானிக்கின்றான் என்பதாகும். அயலான் ஒருவன் நள்ளிரவில் வேலி கடந்து வந்து, அவ்வெருதை அவிழ்த்துச் சென்று, வேறு இலாடம் அடித்து, விடியுமுன் மீண்டும் கட்டிவிட்டுச் செல்வானாயின், அச்செயல் எருதின் நன்மை கருதியதே என்று அவன் எத்துணை உறுதியாகக் கூறினும் உழவன் அதனை ஏற்றுக்கொள்வானா?

இன்று நம் மேசைகளின் மீதுள்ள கணினிகளைப் பொறுத்தவரை இவ்வினா வெறுங்கற்பனையன்று. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு முதல்நாள் இரவு கண்விழித்து எழுதிக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தேநீர் அருந்த எழுந்து சென்றவர் மீண்டு வரும்போது, எழுதிய பக்கம் மறைந்து, கணினியை நிறுத்த வேண்டாம் என்னும் அறிவிப்பு மட்டும் திரையில் நிற்கின்றது. ஒரு மணித்தியாலத்தின் பின் கணினி மீள இயங்குகின்றது. ஆனால் நேற்றுவரை பழுதின்றி வேலைசெய்த அச்சுப்பொறி இன்று வாளாவிருக்கின்றது. அதன் பழைய இயக்கி மென்பொருள் அகற்றப்பட்டு, புதியதொன்று அவ்விடத்தில் அமர்த்தப்பட்டுவிட்டது. இதனை யார் கேட்டார்? யார் இசைந்தார்? இத்தகைய கட்டாயம் நியாயமானதா, நியாயமாயின் எவ்வெல்லைவரை நியாயமானது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண், பேசப்படும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. பணிசெயல் முறைமை எனப் பாடநூல்களிலும் இயங்குதளம் எனப் பொதுவழக்கிலும் கூறப்படுவது, கணினியின் உறுப்புகள் அனைத்தையும் ஆளும் அடிப்படை மென்பொருளாகும். அச்சுப்பொறி, ஒலிக்கருவி, திரை முதலிய ஒவ்வொன்றோடும் அது பேசுவதற்கு உதவும் சிறு மென்பொருளே டிரைவர் எனப்படும் இயக்கி. இவற்றிலுள்ள வழுக்களைத் திருத்தியும் புதியவற்றைச் சேர்த்தும் நிறுவனம் காலத்துக்குக் காலம் அனுப்புவது இற்றைப்படுத்தல். மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் வின்டோஸ் 7 போன்ற முற்பதிப்புகளில் இதன்பொருட்டு நான்கு தெரிவுகள் இருந்தன. தானாக நிறுவுதல், பதிவிறக்கிவிட்டு உத்தரவுக்குக் காத்திருத்தல், அறிவித்தல் மட்டும் செய்தல், எதுவும் செய்யாதிருத்தல் என்பன அவை. 2015 ஜூலை 29 ஆம் திகதி வெளிவந்த வின்டோஸ் 10 இன் வீட்டுப்பதிப்பில் முற்றாக மறுக்கும் தெரிவு அமைப்புப் பக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. கேட்டுச் செய்தல் என்பது அறிவித்துச் செய்தலாயிற்று.

கட்டாயத்தின் பக்கமுள்ள நியாயத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. 2017 மார்ச் 14 ஆம் திகதி வின்டோஸிலிருந்த பாரதூரமான பாதுகாப்புக் குறையொன்றுக்கான திருத்தத்தை மைக்ரோசொப்ட் வெளியிட்டது. இரண்டு மாதங்களுக்குள், மே 12 ஆம் திகதி, அதே குறையின் வழியே வனாகிரை என்னும் பணயம் கோரும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் முடங்கின. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையைச் சேர்ந்த வைத்தியசாலை நிருவாக அமைப்புகளுள் மூன்றிலொரு பங்கு பாதிப்புற்றது. ஏறத்தாழ 19,000 நோயாளர் சந்திப்புகள் இரத்தாகியிருக்கலாமென மதிப்பிடப்பட்டது. திருத்தம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் அதனை நிறுவாதிருந்தமையே இவ்வழிவின் பெருங்காரணமாகும். இந்நச்சுநிரல் ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தானே தாவிச் செல்ல வல்லது. ஆகவே திருத்தத்தை மறுத்தவர் தம் தலையை மட்டுமன்றி அயலவர் தலையையும் பணயம் வைத்தவராகின்றார்.

ஆங்கில மெய்யியலாளர் ஜோன் ஸ்ருவட் மில் 1859 இல் வெளியிட்ட 'சுதந்திரம் பற்றி' என்னும் நூலில் வகுத்த எல்லை இங்கு நினைவுகூரத்தக்கது. ஒருவரது விருப்புக்கு மாறாக அவர்மீது அதிகாரம் செலுத்துவதற்குப் பிறருக்கு நேரும் தீங்கைத் தடுத்தல் ஒன்றே போதிய நியாயமாகும் என்பது அவர் கொள்கை. நம் நாட்டு வாழ்வில் இதற்கு எளிய எடுத்துக்காட்டு உண்டு. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் நம் வளவினுள் வந்து, சிரட்டையிலும் பழைய ரயரிலும் தேங்கிய நீரில் நுளம்புக் குடம்பிகள் உளவா எனப் பார்க்கின்றார். 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் நுளம்புப் பெருக்கத்தைத் தடுக்கும் கடமையை வளவுக்காரர்மீது சுமத்துகின்றது. 'என் வளவு, என் சிரட்டை' என்று இங்கே வாதாட முடியாது. நுளம்புக்கு வேலி தெரியாது. அது கடிப்பது அயல்வீட்டுக் குழந்தையை. பாதுகாப்புத் திருத்தமும் இவ்வகையினதே எனலாம்.

ஆயின், அதே பரிசோதகர் தேங்கிய நீரைக் கொட்டிவிட்டு, வீட்டினுள் நுழைந்து நாற்காலிகளை இடம்மாற்றி, சமையலறைப் பாத்திரங்களை அகற்றித் தாம் கொணர்ந்தவற்றை அடுக்கி, சுவரில் ஒரு வியாபாரியின் விளம்பரத்தையும் ஒட்டிச் செல்வாராயின் என்ன கூறுவோம்? அவரை உள்ளே விட்ட நியாயம் நுளம்பு பற்றியது, நாற்காலி பற்றியதன்று. பிரச்சினையின் கரு இங்குதான் உள்ளது. பாதுகாப்பின் பெயரால் திறக்கப்பட்ட வாயிலினூடே பாதுகாப்போடு தொடர்பற்ற பலவும் உள்ளே வந்துள்ளன.

வரலாறு இதற்குச் சான்று பகர்கின்றது. 2016 மே மாதத்தில், பழைய வின்டோஸ் பாவித்தோரின் திரைகளில் வின்டோஸ் 10 இற்கு மாறுமாறு அழைக்கும் சாளரம் தோன்றியது. அதனை மூடுவதற்கு மூலையிலுள்ள பெருக்கற்குறியை அழுத்தியவர்களும், முன்கூட்டியே குறிக்கப்பட்ட மாற்றத்துக்கு இசைந்தவர்களாகவே கொள்ளப்பட்டனர். கதவைச் சாத்துதல் வரவேற்பாகப் பொருள்கொள்ளப்பட்டது. எதிர்ப்பின் பின் அச்சாளரம் திருத்தப்பட்டது. அவ்வாண்டு டிசம்பரில் நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவரே எல்லை மீறப்பட்டதை ஒப்புக்கொண்டார். 2018 ஒக்டோபரில் வெளிவந்த இற்றைப்படுத்தல் சிலருடைய கோப்புகளையே அழித்துவிட்டமையால் நாலைந்து நாட்களுள் நிறுத்தப்பட்டு, நவம்பரிலேயே மீண்டும் வெளியிடப்பட்டது.

இயக்கிகளின் கதை இன்னும் சிந்திக்கத்தக்கது. 2014 இல், ஸ்கொட்லாந்தைச் சேர்ந்த எஃப்.ரி.டி.ஐ. என்னும் சில்லு உற்பத்தி நிறுவனத்தின் புதிய இயக்கியொன்று வின்டோஸ் இற்றைப்படுத்தலின் வழியே கணினிகளுட் புகுந்தது. தன் சில்லைப் போன்ற போலிச் சில்லொன்றைக் கண்டவிடத்து, அதன் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிக் கருவியையே செயலிழக்கச் செய்தது அவ்வியக்கி. போலியைச் செய்தவர் குற்றவாளியாகலாம். ஆனால் அப்போலி உள்ளிருப்பதை அறியாது கடையில் கருவியை வாங்கியவர் செய்த குற்றம் யாது? விசாரணையும் தீர்ப்புமின்றித் தண்டனை மட்டும் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. எதிர்ப்பு எழவே அவ்வியக்கி மீளப்பெறப்பட்டது. பிறருக்குத் தீங்கு நேராமற் காக்கவென்று திறந்துவைத்த வழி ஒரு வியாபாரியின் பூசலுக்குப் பாதையாயிற்று. வேலியே பயிரை மேய்ந்த கதை இதுவெனலாம்.

'நிறுவும்போது உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டீர்களே, பின் முறையிடுவானேன்?' என்று வினவுவாருளர். டேவிட் ஹியூம் 1748 இல், ஆட்சிக்கு மக்கள் மௌனமாக இசைந்துள்ளனர் என்னும் கோட்பாட்டை மறுத்தபோது ஓர் உவமை காட்டினார். உறக்கத்திலே கப்பலில் ஏற்றப்பட்ட ஒருவன், கடலிற் குதிக்காது கப்பலில் இருக்கின்றான் என்பதனால் மாலுமித் தலைவனின் ஆணைக்கு மனமுவந்து இசைந்தான் ஆவானா என்பது அவர் வினாவின் சாரம். கணினியை வாங்கும்போதே இயங்குதளம் அதிலே இருக்கின்றது. பல்கலைக்கழகப் படிவங்களும் அலுவலக மென்பொருளும் அதனையே வேண்டி நிற்கின்றன. பல பக்க உடன்படிக்கையின் அடியில் 'ஏற்கின்றேன்' என்னும் பொத்தானை அழுத்தாதவர்க்கு எஞ்சுவது கடலே. லினக்ஸ் முதலிய கட்டற்ற இயங்குதளங்கள் உள என்பது மெய்யே. நீந்தத் தெரிந்தவர்க்கு அவை கரை. தெரியாதவர்க்கு அக்கரையும் தொலைவே.

இனி, பாவனையாளர் அறியாமையுடையவர், நிபுணர் அறிவுடையவர், ஆதலின் நிபுணரே தீர்மானிக்க வேண்டும் என்னும் வாதத்தை நோக்குவோம். மில் தமது நூலில் ஒரு பாலத்தை உதாரணமாகக் கூறுகின்றார். இடிந்துவிழும் நிலையிலுள்ள பாலத்தில் ஒருவர் கால்வைக்கப்போகையில் எச்சரிக்க நேரமில்லையாயின் அவரைப் பற்றி இழுக்கலாம். ஆனால் விழுமென்பது உறுதியன்றி, ஆபத்து நேரலாம் என்பது மட்டுமே எனின், எச்சரித்தலே நம் கடமை. கடப்பதா என்பதை அவரே தீர்மானிக்க வேண்டும். வைத்தியரின் அறிவு நோயாளியின் அறிவிலும் மிக்கதே. அதனால் நோயாளி உறங்கும்போது சத்திரசிகிச்சை செய்துவிடும் உரிமை வைத்தியருக்குக் கிடைத்துவிடுவதில்லை. அறிவு ஆலோசனை கூறும் தகுதியைத் தரும்; ஆணையிடும் தகுதியைத் தாராது.

அன்றியும் நிபுணர் தவறார் என்பதும் உண்மையன்று. 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய வழுவுள்ள கோப்பொன்று, கணினியின் கருவறை போன்ற உட்பகுதியில் இயங்கும் அதன் இயக்கியை நிலைகுலையச் செய்தது. ஏறத்தாழ 85 இலட்சம் வின்டோஸ் கணினிகள் வீழ்ந்தன; விமானங்கள் நின்றன; வைத்தியசாலைகள் தடுமாறின. புதிய பதிப்புக்கு உடனே மாறாது ஒரு படி பின்னிற்பதென முன்னெச்சரிக்கையுடன் தீர்மானித்திருந்த நிறுவனங்களும் தப்பவில்லை. அவ்வகைக் கோப்புக்கு அத்தெரிவு பொருந்தாதென்பது வீழ்ச்சியின் பின்னரே பலருக்குத் தெரியவந்தது. எல்லாரும் ஒரே நொடியில் ஒரே மருந்தை உட்கொள்ளவேண்டுமெனின், மருந்திலுள்ள நஞ்சும் ஒரே நொடியில் எல்லாரையும் அடையும். சிலர் தாமதிக்கும் உரிமை சமுதாயத்துக்கே ஒரு காப்பாகும்.

மறுக்கும் உரிமை அறவே இல்லை என்று கூறுவதும் நேர்மையாகாது. மேற்பதிப்புகளில் இற்றைப்படுத்தலை ஒத்திவைக்கவும் அதனுடன் இயக்கிகள் வருவதைத் தடுக்கவும் கொள்கை அமைப்புகள் உள. 2019 முதல் வீட்டுப்பதிப்பிலும் 35 நாட்கள்வரை இடைநிறுத்த அனுமதி வழங்கப்பட்டது. இணைப்பை அளவிடப்பட்ட இணைப்பாகக் குறித்துப் பெரும்பாலான பதிவிறக்கங்களைத் தவிர்க்கவும் வழியுண்டு. ஆயினும் இவ்வேற்பாடு வேறொரு வினாவை எழுப்புகின்றது. கூடிய விலை கொடுத்தவருக்குக் கூடிய சுதந்திரம், குறைந்த விலை கொடுத்தவருக்குக் குறைந்த சுதந்திரம் எனின், சுதந்திரம் உரிமையா, வியாபாரப் பண்டமா? கட்டாயத்தின் சுமையும் சமமாக விழுவதில்லை. தடையற்ற மின்சாரமும் எல்லையற்ற இணையமும் உள்ள நகரில் இற்றைப்படுத்தல் ஒரு சிறு இடையூறு. தரவை அளந்து வாங்கும் மாணவருக்கு அது மாதச் செலவு. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம்வரை மின்வெட்டுக் கண்ட நம் நாட்டில், பாதியில் மின்சாரம் நின்றால் கணினியே மீளாது போகலாம். தொலைதூரத்தில் அட்டவணை வகுத்தவர் இவ்விருளை எண்ணியிருப்பாரா?

கட்டாயத்தின் நியாயம் பொதுநலமே எனின், அந்நலம் வியாபார நாட்காட்டியோடு முடிவுறலாகாது என்பதும் பெறப்படும். 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இற்கான வழமையான பாதுகாப்புத் திருத்தங்கள் நிறுத்தப்பட்டன. ஓராண்டு நீடிப்புத் திட்டமொன்று வழங்கப்பட்டதாயினும், அடுத்த பதிப்பின் வன்பொருள் நிபந்தனைகளுக்கு ஈடுகொடாத நல்ல கணினிகள் பல கைவிடப்படும் நிலையை எய்தின. நேற்றுவரை 'மறுக்காதே, அயலவர்க்குத் தீங்கு' என்றவர், இன்று 'வேண்டினும் தாரோம்' என்கின்றார். நுளம்பு மட்டும் அவ்வாறே இருக்கின்றது.

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். முதலாவது, பிறருக்குத் தீங்கு விளைக்கவல்ல குறையைத் திருத்துமளவிலேயே கட்டாயம் நியாயமானது. புதிய வசதியும் பதிப்பு மாற்றமும் வேலைசெய்யும் கருவிக்கு வேறு இயக்கியும் கேட்டே தரப்படவேண்டியவை. இவ்விரண்டையும் ஒரே பொதியிற் கட்டி அனுப்புவதே தவறின் வேர். இரண்டாவது, கட்டாயப்படுத்துபவர் அதன் விளைவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். பரிசோதகர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவராதல் போல அவரும் விடைகூறக் கடமைப்பட்டவராதல் வேண்டும். மூன்றாவது நம்மைச் சார்ந்தது. மறுக்கும் உரிமையைக் கோருபவர், திருத்தத்தைத் தாமே நேரத்துக்கு நிறுவும் கடமையையும் ஏற்க வேண்டும். தன் வளவின் சிரட்டையைத் தானே கவிழ்த்து வைப்பவனே, பரிசோதகர் ஏன் வந்தார் என்று கேட்கத் தகுதியுடையவன். அக்கடமையைச் செய்துவிட்டு, நாற்காலியைத் தொடாதே என்று நாம் உரத்துச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும்.