கொடுத்ததை மீட்கும் உரிமை

கொடுத்ததைத் திரும்பக் கேட்பது இழிவு என்னும் எண்ணம் நம்மவர் உள்ளத்தில் ஆழ வேரூன்றியது. மகளுக்கு இட்ட சீரையும், தம்பிக்கு விட்டுக்கொடுத்த பாகத்தையும் மீட்டுக் கேட்பவனை உலகம் மதிப்பதில்லை. அவ்வாறிருக்க, “இச்சொத்தை என் குடும்பத்தார்க்கென ஒதுக்குகிறேன், ஆயினும் நான் உயிரோடிருக்குமளவும் வேண்டும்போது மீட்டுக்கொள்வேன்” என்று எழுதிவைக்கும் பத்திரம் ஒன்று உண்டு. திருப்பிக்கொள்ளத்தக்க டிரஸ்டு என்பது அதன் பெயர். அஃது அறத்துக்கு உடன்பட்டதா, அன்றிச் சந்தேகத்துக்குச் சட்டம் தைத்துக்கொடுத்த சட்டையா என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகுவது.

அதன் இயல்பை முதற்கண் அறிதல் வேண்டும். ஒருவர் தம் வீடு, நிலம், பணம் ஆகியவற்றை ஒரு பொறுப்பாளரின் பெயருக்கு மாற்றுகிறார். அவை எவர் நலனுக்காக, எப்போது, எவ்வளவு வழங்கப்பட வேண்டும் என்பதைச் சாசனத்தில் வரைகிறார். உயிருள்ளவரை பயனைத் தாமே துய்க்கலாம், ஷரத்துகளை மாற்றலாம், முழுவதையும் ரத்துச் செய்யலாம். அவர் கண் மூடிய அன்றே அவ்வதிகாரம் முடிகிறது. பொறுப்பாளர் எழுதியபடி நடத்துகிறார். முதுமையில் நினைவு தடுமாறினாலும், உயில் அவர் இறக்கும்வரை வாய் திறவாது. டிரஸ்டோ அன்றே துணைக்கு வரும். அமெரிக்காவில் 1965இல் நார்மன் டேசி என்பார் வெளியிட்ட நூலொன்று, நீதிமன்ற நடைமுறையின்றிச் சொத்தை வாரிசுகளிடம் சேர்க்கும் வழியென இதைப் பாமரரும் பேசும் பொருளாக்கியது. ஆனால் பெயர் மாற்றப்பட்ட சொத்துக்கே அது பொருந்தும். டிரஸ்டு எழுதிவிட்டு வீட்டுப் பட்டாவைத் தம் பெயரிலேயே விட்டுவைப்பவர் வெறும் பெட்டிக்குப் பூட்டுப் போட்டவரே ஆவர்.

இது செல்வர் வீட்டுப் பேச்சு, தோட்டத்து மக்களுக்கு இதனால் என்ன என்று சிலர் கேட்கலாம். குளுவாங்கிலும் சிகாமட்டிலும் பால்மரம் வெட்டியவரின் மக்கள் இன்று கூலாயிலும் ஜோகூர் பாருவிலும் வீடு வாங்கியிருக்கின்றனர். நாள்தோறும் கடற்பாலம் கடந்து சிங்கப்பூரில் உழைத்துத் தவணை கட்டுவோர் பலர். அவ்வீட்டுக்குரியவர் உயில் எழுதாது மாண்டால் நேர்வதென்ன? முஸ்லிமல்லாதார்க்குரிய 1958ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம், 1997இல் திருத்தப்பட்டபடி, மனைவிக்குக் கால் பங்கும், மக்களுக்கு அரைப் பங்கும், பெற்றோர்க்குக் கால் பங்கும் வகுக்கிறது. பெற்றோர் இல்லையேல் மனைவிக்கு மூன்றில் ஒன்று. மக்களுக்கு மூன்றில் இரண்டு. மகனென்றும் மகளென்றும் அச்சட்டம் வேற்றுமை பாராட்டவில்லை. 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமசொத்துரிமை கேட்டது. தமிழ்நாடு குடும்பச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை அளித்தது 1989இல்தான். இங்கோ மகளின் சம பங்கு சட்டத்திலேயே நிற்கிறது. ஆயினும் பங்கு ஏட்டில் உள்ளது. வீடோ பிரிக்க இயலாதது. நிர்வாக உத்தரவு பெற மன்றத்தையோ, சிறு சொத்தாயின் நில அலுவலகத்தையோ நாட வேண்டும். மன்றத்தில் பொதுவாக ஜாமீன்தார் இருவர் வேண்டும். இவற்றுக்கெல்லாம் அலையும் நாட்களில் அண்ணன் தம்பி பேச்சற்றுப் போகின்றனர். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்ற பழமொழி வீணே பிறந்ததன்று.

இத்தொல்லை பொதுவாழ்வில் நின்றோரையும் விட்டதில்லை. தந்தை பெரியார் 1949 ஜூலையில் மணியம்மையாரை மணந்தபோது, இயக்கத்தையும் அதன் சொத்தையும் காக்கச் சட்டப்படி ஒரு வாரிசு வேண்டும் என்பதையே காரணமாகக் கூறினார். அம்மணமே கழகம் பிளவுபடக் காரணமாயிற்று. அவ்வாண்டு செப்டம்பரில் தி.மு.க. பிறந்தது. 1952இல் பெரியார் சுயமரியாதைப் பிரசார நிறுவனம் பதிவு செய்யப்பட்டது. மணத்தின் சரி தவறு ஈண்டு நம் ஆராய்ச்சியன்று. ஒரு மனிதரின் பெயரில் நிற்கும் பொருள் அவர் மூச்சோடு ஆடும். பொறுப்பின் பெயரில் நிற்கும் பொருள் அவர்க்குப் பின்னும் நிலைக்கும் என்பதே நாம் கொள்ளும் பாடம்.

அங்ஙனமாயின் முழுதும் கொடுத்துவிடலாகாதோ? மீட்கும் உரிமை எதற்கு? பெற்ற மனம் பித்து. வீட்டை மகன் பெயருக்கு மாற்றிக்கொடுத்துவிட்டு, அதே வீட்டின் பின்னறையில் விருந்தாளியாய் ஒண்டியிருக்கும் முதியோரை நாம் அறிவோம். இந்தியாவில் 2007ஆம் ஆண்டுச் சட்டம், பராமரிப்பதாக நிபந்தனை ஏற்றுச் சொத்தைப் பெற்றவர் பராமரிக்கத் தவறினால் அக்கொடையைச் செல்லாததாக்க இடம் தருகிறது. சிங்கப்பூரோ 1995இலேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் இயற்றிற்று. ஆனால் பெற்ற பிள்ளைமேல் வழக்காடிச் சோறு பெறுவதினும், வழக்குக்கே இடமின்றி முன்னமே வரம்பு கட்டுவது மேலன்றோ? மீட்கும் உரிமை அன்பின் குறைவன்று. முதியவர் தம் மானத்துக்குத் தாமே இட்டுக்கொண்ட வேலி அது.

எனினும் வேலிக்கு நட்ட கழியே சவுக்காகவும் வளையும் என்பதை மறத்தலாகாது. “நான் சொன்ன பெண்ணை மணந்தால் வீடு உனக்கு, வேற்றுச் சாதியில் மணந்தாயோ, இன்றே ரத்து” என்று தகப்பன் சொல்லுவானாயின், டிரஸ்டு சாதிக்குக் காவற்காரனாகிறது. மேடையில் சாதி ஒழிய வேண்டும் என்று கைதட்டியவர் வீட்டுப் பத்திரத்தில் சாதியைப் பூட்டிவைப்பது எவ்வகை நேர்மை? 1971ஆம் ஆண்டின் குடும்பப் பராமரிப்புச் சட்டம், உயில் எழுதுவோர் கணவன் அல்லது மனைவியையும், மணமாகாத மகளையும், வயது வராத மகனையும், உடலாலோ மனத்தாலோ தம்மைக் காத்துக்கொள்ள இயலாத மக்களையும் கைவிட்டால், அவர்கள் மன்றத்தில் முறையிட வழி வைத்திருக்கிறது. உயிலுக்கு வகுத்த அந்நெறி டிரஸ்டு எழுதுவோர் நெஞ்சிலும் இருத்தல் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. வைகறையில் கணவனோடு நிரைக்குச் சென்று மரம் வெட்டியவள் மனைவி. பால் வாளி சுமந்தவள் அவள். மாலையில் அடுப்பூதியவளும் அவளே. ஆனால் வீட்டுப் பட்டாவில் பெரும்பாலும் அவன் பெயரே காண்கிறது. இருவர் உழைப்பால் வந்ததை ஒருவர் மட்டும் கொடுக்கவும் மீட்கவும் அதிகாரம் கொள்வது, தன் பாகத்தோடு பிறர் பாகத்தையும் ஆள்வதாகும்.

ஆகவே நாம் கூறுவது இது. ஒரு வீடும் சேமநிதியும் மட்டும் உடையோர் செலவு மிகுந்த டிரஸ்டை நாட வேண்டுவதில்லை. சேமநிதிக்கு வாரிசுதாரரை நியமித்து, இரு சாட்சிகள் முன் உயில் எழுதினால் பெரும்பாலும் போதும். ஊனமுற்ற பிள்ளையோ, வயது வராத மக்களோ, பல சொத்துகளோ உடையோர் டிரஸ்டை எண்ணிப் பார்க்கலாம். எழுதுங்கால், மனைவியின் இசைவின்றி ரத்துச் செய்யலாகாது என ஒரு ஷரத்தைச் சேர்க்கட்டும். மீட்பதற்குரிய காரணங்களையும் அதிலேயே வரையட்டும். தம்மைப் பட்டினியிடுதல், துன்புறுத்துதல் போன்ற காரணங்களை எவர் முன்னும் வாய்விட்டுப் படிக்கலாம். மகன் மணந்த பெண்ணின் சாதியைக் காரணமாக எழுதப் புகுவோர்க்கு மட்டும் பேனா தயங்கும். அத்தயக்கமே அறத்தின் குரல்.

மக்களுக்கு எழுதிய பத்திரத்தை அவர்கள் முன்னிலையில் படித்துக்காட்ட நமக்குத் துணிவு உண்டா? உண்டெனில் மீட்கும் உரிமையை அச்சமின்றி வைத்துக்கொள்க. இன்றேல், முதலில் திருத்த வேண்டுவது பத்திரத்தை அன்று; நம் மனத்தை.