மோசேக்கும் கை வலித்தது

பொதுக்காலம் 29ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு: நாலந்தா, இலங்கை



முதல் வாசகத்தில் மோசே குன்றின் உச்சியில் நிற்கிறார். கீழே இரபிதீமில் யோசுவா அமலேக்கியரோடு மோதுகிறார். மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரயேலின் பக்கம் வெற்றி. கை இறங்கினால் எதிரியின் பக்கம். செங்கடல்மேல் நீட்டிய அதே கைதான். ஆனால் பொழுது ஏற ஏற அதுவும் வலித்தது. விடுதலைப் பயண நூல் இதை மறைக்கவில்லை. 'இவ்வளவு தானா உன் விசுவாசம்?' என்று ஆண்டவரும் அவரைக் கேட்கவில்லை. ஆரோனும் கூரும் ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கம் நின்று கையைத் தாங்கிப் பிடித்தார்கள். சூரியன் மறையும்வரை கை இறங்கவில்லை.

நற்செய்தியில் வரும் கைம்பெண்ணுக்கு அப்படித் தாங்க யாரும் இல்லை. நடுவரோ கடவுளுக்கும் அஞ்சாதவர், மனிதரையும் மதிக்காதவர். ஒரு கையெழுத்துக்காகக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பியவர்களுக்கு அந்தப் பெண்ணை நான் விளக்கத் தேவையில்லை. அவள் நீதி கேட்டுத் திரும்பத் திரும்பப் போனாள். அவ்வளவுதான் அவள் செய்தது. மனந்தளராமல் மன்றாட வேண்டும் என்பதற்கு இயேசு அவளையே எடுத்துக்காட்டாக வைத்தார்.

இந்த மனந்தளராமையை நம் காலத்தில் எங்கே பார்க்கலாம்? நான் விளையாட்டு மைதானத்துக்குப் போகிறேன். பவுல் அடிகளாரும் கொரிந்தியருக்கு எழுதும்போது ஓட்டப் பந்தயத்தைத்தான் காட்டினார். ஆகவே பலிபீடத்தில் நின்று விளையாட்டுச் செய்தி வாசிக்கிறார் என்று என்னைக் குறை சொல்லாதீர்கள்.

2021 ஓகஸ்ட் 30. டோக்கியோ பராலிம்பிக்கில் ஒரு கை செயல் குறைந்தவர்களுக்கான ஈட்டி எறிதல். தினேஷ் பிரியந்த ஹேரத் 67.79 மீற்றர் எறிந்தார். உலக சாதனை. ஒலிம்பிக் ஆகட்டும், பராலிம்பிக் ஆகட்டும், இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அதுதான். ஐந்து ஆண்டுகளுக்கு முன் ரியோவில் இதே போட்டியில் அவர் எறிந்தது 58.23 மீற்றர், கிடைத்தது வெண்கலம். இடையில் ஏறக்குறைய ஒன்பதரை மீற்றர். ஈட்டி எறிகிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். எறியாத கைதான் முதலில் முன்னே நீளும். அது உடம்பை நிதானப்படுத்தும், பிறகு சட்டென்று உள்ளே மடங்கித் தோளைத் திருப்பிவிடும். அந்தக் கை ஒத்துழைக்காதவர் அந்த வேலையை இடுப்புக்கும் காலுக்கும் புதிதாகப் பழக்க வேண்டும். பத்திரிகையில் படம் வருவது ஒருநாள். அந்தப் பழக்கம் நடந்த ஆண்டுகளை யாரும் படம் எடுக்கவில்லை.

ஹேரத் இராணுவச் சிப்பாய். வடக்கில் நடந்த போரில் காயப்பட்டவர். இதைச் சொல்லும்போது இந்த ஆலயத்தில் சிலருடைய முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். நம் வாசலுக்குப் பக்கத்தில் ஓடுகிற ஏ9 வீதியில் வடக்கே போனால் கிளிநொச்சி. அங்கே அதே போரில் கை போனவர்கள், கால் போனவர்கள், கண் போனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் கொடி ஏறவில்லை, கீதம் இசைக்கவில்லை. அந்த வருத்தம் நியாயமானது. அதை விழுங்கிவிடுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அடிபட்ட உடம்பு எந்தச் சீருடைக்குள் இருந்தது என்று பார்த்துத்தான் மதிப்போம் என்றால், நல்ல சமாரியர் உவமையை நாம் இனிமேல் வாசிக்கக் கூடாது. ஹேரத்தின் உழைப்பை மதிப்போம். அதே மூச்சில், வன்னியில் செயற்கைக் காலோடு தினமும் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பெயர் தெரியாத மனிதரின் உழைப்பையும் மதிப்போம்.

அன்று ஹேரத்துக்குப் பக்கத்தில் வெள்ளிப் பதக்கத்தோடு நின்றவரின் கதை எனக்கு இன்னும் பிடிக்கும். இந்தியாவின் ராஜஸ்தானைச் சேர்ந்த தேவேந்திர ஜஜாரியா. எட்டு வயதில் மரம் ஏறியபோது மின்கம்பியில் கை பட்டு இடது கையை இழந்தார். 2004இல் ஏதென்சில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அடுத்த பராலிம்பிக் பெய்ஜிங்கில், 2008. அங்கே அவருடைய பிரிவுக்கு ஈட்டி எறிதல் போட்டியே வைக்கவில்லை. 2012 இலண்டனிலும் இல்லை. தோற்றுப்போனால் ஒருவிதத்தில் ஆறுதல் உண்டு, யாரிடம் தோற்றோம் என்றாவது தெரியும். போட்டியே இல்லை என்றால் எதற்காக விடிகாலையில் எழுந்து ஈட்டியைத் தூக்குவது? ஆனாலும் தூக்கினார். 2016இல் ரியோவில் அந்தப் போட்டி திரும்பி வந்தது. 63.97 மீற்றர் எறிந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தாம் வைத்த சாதனையைத் தாமே முறியடித்தார். நடுவர் கதவைத் திறக்காத நாட்களிலும் கதவடியில் நின்ற அந்தக் கைம்பெண்ணை இப்போது நினைத்துப் பாருங்கள். நம் செபத்தில் பாதிக்கு மேல் அப்படிப்பட்ட நாட்கள்தான்.

சேலத்துப் பக்கம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலுவை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் நசுங்கியது. உயரம் பாய்தலில் 2016இல் தங்கம், 2021இல் வெள்ளி, 2024இல் வெண்கலம். வர வர இறங்குகிறதே என்று கணக்குப் பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். ஒற்றைக் கால் பலத்தில் மூன்று பராலிம்பிக்கில் தொடர்ந்து பதக்க மேடை ஏறுவது என்ன என்று பாய்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும். அவருடைய வெற்றிக்குப் பின்னால் காய்கறி விற்று வளர்த்த தாய் இருக்கிறார், திறமையைக் கண்டு தூண்டிவிட்ட பள்ளி ஆசிரியர் இருக்கிறார், பயிற்றுநர் இருக்கிறார். ஆரோனும் கூரும் இல்லாத மோசேயை நான் இதுவரை எந்த மைதானத்திலும் காணவில்லை.

பாரிஸ் 2024இல் இது கண்முன்னே நடந்தது. பார்வைக் குறைபாடு உள்ள பெண்களுக்கான மரதன் ஓட்டம். ஸ்பெயின் நாட்டு எலெனா கொங்கோஸ்ட், ரியோவில் இதே ஓட்டத்தில் தங்கம் வென்றவர், வழிகாட்டியோடு ஓடினார். இருவர் கையையும் ஒரு சிறு கயிறு இணைத்திருக்கும். எல்லைக் கோட்டுக்கு இரண்டொரு மீற்றர் தூரம். மூன்றாம் இடம் உறுதி, பின்னால் வருகிறவர் மூன்று நிமிடத்துக்கு மேல் பின்தங்கி இருந்தார். அந்த நேரத்தில் வழிகாட்டிக்குக் கால் பிடித்துக்கொண்டது, விழப் பார்த்தார். எலெனா கயிற்றை விட்டுவிட்டு அவரைத் தாங்கினார். ஒரு கணம். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டு கோட்டைக் கடந்தார். கயிற்றை விட்டது விதிமீறல் என்று நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். விதி விதிதான், அதை நான் பழிக்கவில்லை. ஆனால் தாங்கப்படுகிறவர் என்று உலகம் எழுதிவைத்த பெண், தாங்குகிறவராக மாற ஒரு கணம் போதுமாக இருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இவர்களை நாம் ஒரு மருந்தாகப் பயன்படுத்திவிடக் கூடாது. 'ஒரு கை இல்லாதவனே செய்கிறான், நீ ஏன் பரீட்சையில் தேறவில்லை?' என்று பிள்ளைகளைக் குத்துவதற்குக் கடவுள் யாரையும் குறையோடு படைக்கவில்லை. நம் சோம்பலைப் போக்குவது அவர்களுடைய வேலையும் அல்ல. பதக்கம் வாங்கியவரைக் கைதட்டி வாழ்த்திவிட்டு, பக்கத்து லயத்தில் கட்டிலோடு கிடப்பவரை மறந்துவிடுவது மிக எளிது. விடாமுயற்சியை நாம் அவர்களிடம் கற்க வேண்டுமென்றால், அவர்களுக்கு நாம் தரவேண்டியது என்ன என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

நம் பங்கில் ஓர் அம்மா இருக்கிறார். பெயர் சொல்லவில்லை. நீரிழிவால் ஒரு காலை எடுத்த பிறகு சக்கர நாற்காலியில்தான் இருக்கிறார். ஆரம்பத்தில் மகனும் பக்கத்து வீட்டுப் பிள்ளையும் நாற்காலியோடு தூக்கி நம் ஆலயத்தின் நான்கு படிகளையும் ஏற்றுவார்கள். நாற்காலி பின்னால் சாயும்போது அவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, செபமாலையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடியைப் பற்றியிருப்பார். இப்போது பூசைக்கு வருவதில்லை. வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோனபோது கேட்டேன். "நாலு பேருக்குக் கஷ்டம் குடுக்கக் கூடாதுன்னுதான் சாமி" என்றார்.

சகோதர சகோதரிகளே, அந்த அம்மா மனந்தளரவில்லை. நம் படிகள்தான் அவரைத் தடுக்கின்றன. கப்பர்நாகுமில் முடக்குவாதமுற்றவரைச் சுமந்து வந்த நான்கு பேர், வழி இல்லை என்று கண்டதும் கூரையைப் பிரித்தார்கள். இயேசு பார்த்தது அந்த நான்கு பேரின் விசுவாசத்தையும்தான். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்க இந்த நாட்டில் 1996இலேயே சட்டம் வந்துவிட்டது. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் நுழைய வசதி செய்யும் ஒழுங்குவிதிகள் 2006இல் வந்தன. சட்டம் சொல்லும் முன்பே நற்செய்தி சொல்லியிருக்க, நாம் இன்னும் படியில் நிற்கிறோம்.

நம் ஊரில் கெடிகே என்கிற பழைய கற்கோயிலை நினைத்துப் பாருங்கள். போவதென்ன நீர்த்தேக்கம் வந்தபோது ஆயிரம் ஆண்டுப் பழைமையான அந்தக் கட்டடத்தைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் கொண்டுபோய் மறுபடி நிறுத்தினார்கள். ஒரு முழுக் கட்டடமே இடம் மாறிய ஊரில் நம்மால் ஒரு சாய்தளம் போட முடியாதா?

கணக்குப் பார்த்துவிட்டோம். நான்கு படியும் சேர்ந்து இரண்டடி உயரம். அடிக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், ஆகவே இருபத்துநான்கு அடி. மாதா கெபிப் பக்கமாக ஒருமுறை திருப்பினால் இடம் போதும். சக்கரம் வழுக்காமல் இருக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட வேண்டும், ஓரத்தில் கைபிடி வேண்டும். மணலும் சிமெந்தும் வாங்கப் பங்குப் பேரவை பணம் ஒதுக்கியிருக்கிறது. கூலிக்குப் பணம் இல்லை. மேசன் வேலை தெரிந்தவர்கள் நம்மிடையே நிறையப் பேர் இருக்கிறீர்கள். வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வாருங்கள். மண்வெட்டி, தாச்சி வைத்திருப்பவர்கள் எடுத்து வாருங்கள். பகல் சாப்பாடு மாதர் சங்கத்தார் பொறுப்பு.