எங்கே வீடு பார்ப்பது?

நண்பரின் மகன் கோயம்புத்தூரிலிருந்து போன் செய்தான். பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறதாம். மனைவியையும் ஐந்து வயதுப் பெண் குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஜூன் மாதம் சென்னைக்குக் குடிவர வேண்டும்.

‘மாமா, நீங்க முப்பது வருஷமா அங்கயே இருக்கறீங்க. எங்க வீடு பார்த்தா நல்லாயிருக்கும், சொல்லுங்க மாமா.’

நான் வாயைத் திறப்பதற்குள் ஒரு எக்ஸெல் ஷீட்டை அனுப்பிவிட்டான். திருவான்மியூர், வேளச்சேரி, நங்கநல்லூர், மேடவாக்கம், சோழிங்கநல்லூர் என்று வரிசையாக ஊர்கள். எதிரே ஆபீஸ் எத்தனை கிலோமீட்டர், ஸ்கூல், வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கார் நிறுத்த இடம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டிருந்தான். கல்யாணத்துக்குக்கூட பையன் இத்தனை யோசித்திருப்பானா என்பது சந்தேகம்தான்.

தப்பில்லை. ஊர் மாறுகிறவனுக்கு அந்தப் பயம் இருக்க வேண்டியதுதான். எனக்குத் தெரிந்ததை நானும் சொன்னேன்.

கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் மதியத்துக்கு மேல் காற்று வரும். அந்தக் காற்றே ஜன்னல் கம்பியையும் ஏ.சி. பெட்டியையும் தின்றுவிடும். மேற்குப் பார்த்த படுக்கையறை வேண்டாம், மே மாதத்தில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் சுவர் சுடும். வீட்டுக்காரர் ‘போர்ல நல்ல தண்ணி சார்’ என்றால் ஒரு டம்ளர் வாங்கி வாயில் ஊற்றிப் பார். முடிந்தால் மழை பெய்கிற நாளில் போய் வீட்டைப் பார். முடியாவிட்டால் தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் கேள், ‘2015-ல் தண்ணி எதுவரைக்கும் வந்தது?’ என்று. வீட்டு புரோக்கர் சொல்லாததை அவர் சொல்லுவார்.

‘சூப்பர் மாமா’ என்று எல்லாவற்றையும் குறித்துக்கொண்டான்.

போனை வைத்தபிறகுதான் எனக்கு உறுத்தியது. அவன் கேட்டது, நான் சொன்னது, எல்லாமே ஒரே கேள்வியின் கிளைகள். இந்த இடம் எனக்கு என்ன கொடுக்கும்? நான் அங்கே போவதால் அந்த இடத்துக்கு என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லவேண்டிய ஆள் நான்தான். ஏன் என்பதைச் சொல்கிறேன்.

சென்னை ரொம்பத் தட்டையான ஊர். கடல் மட்டத்திலிருந்து சராசரியாக ஆறேழு மீட்டர் உயரம், அவ்வளவுதான். அதாவது இரண்டு மாடி. மேற்கே பெய்கிற மழை கொசஸ்தலை, கூவம், அடையாறு என்று மூன்று ஆறுகளில் மெதுவாக நகர்ந்து வந்து கடலில் சேர வேண்டும். அது அவசரப்படாது. அதனால்தான் நம் முன்னோர்கள் வழியெல்லாம் ஏரியும் தாங்கலும் வெட்டி, ‘கொஞ்ச நாள் இங்கே இருந்துவிட்டுப் போ’ என்று தண்ணீருக்கு இடம் கொடுத்திருந்தார்கள். பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே ஒரு குளம் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. இன்று போய்ப் பாருங்கள். ரோடு மட்டும்தான் மிச்சம், லேக்கும் இல்லை, வியூவும் இல்லை. 1920-களில் அந்த நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பதும் நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

தெற்கே பள்ளிக்கரணை. சுற்றியுள்ள ஏரிகளின் உபரித் தண்ணீரெல்லாம் அந்தச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் இறங்கி, கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேரும். அந்தச் சதுப்பில் பெரும்பகுதியைச் சாலையும் கம்பெனிகளும் குப்பைமேடும் வீடுகளும் எடுத்துக்கொண்டுவிட்டன. மிஞ்சியதை 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று அர்த்தம்.

எடுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

தென்சென்னைப் புறநகரில், 2001-ல் வீடு கட்டினேன். கடன் வாங்கித்தான். பட்டா இருந்தது, அப்ரூவல் இருந்தது, பேங்க் லோன் கொடுத்தது. மனை கொஞ்சம் பள்ளம். ‘கவலப்படாதீங்க சார், ரோட்டை விட மூணு அடி தூக்கிடலாம்’ என்றார் மேஸ்திரி. லாரி லாரியாகச் சவுடு மண் கொட்டித் தூக்கினோம். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களெல்லாம் ‘நல்லா உயரமா கட்டிட்டீங்க, புத்திசாலித்தனம்’ என்று பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு. இட்லிக்கடை வைத்திருந்த ஆயா ஒருத்தர் அதில் இருந்தார். எங்களுக்கு முன்னால் வந்தவர், பல வருஷமாக அங்கேயே இருப்பவர்.

2015 டிசம்பர் முதல் தேதி. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. சென்னையில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்வதே சராசரியாக 140 சென்டிமீட்டர்தான். விடியற்காலையில் பார்த்தால் தண்ணீர் எங்கள் கடைசிப் படி வரைக்கும் வந்து நின்றிருந்தது. உள்ளே வரவில்லை. ஆயா வீட்டில் இடுப்பளவு. கிரைண்டர், அரிசி டிரம், ரேஷன் கார்டு, துணிமணி எல்லாம் மிதந்தன. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து எங்கள் மாடியில் தங்கவைத்தோம். நாலு நாள் இருந்தார். என் மனைவியும் அவருமாகச் சமைத்தார்கள். ஏதோ ஒரு நல்ல காரியம் செய்கிற திருப்தியில் இருந்தேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம், பால்கனியில் நின்று தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஆயா சாதாரணமாகச் சொன்னார். ‘உங்க எடம் காலியா கெடந்தப்போ தண்ணி அங்க போயி நின்னுக்கும் சார். ரெண்டு நாள்ல வடிஞ்சுரும்.’

குற்றம் சாட்டவில்லை, கோபமும் இல்லை. மழையைப் பற்றிப் பேசுகிற மாதிரி ஒரு தகவலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்றைக்குத் தூக்கம் வரவில்லை.

நான் என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சட்டப்படி ஒன்றுமில்லை. அனுமதி கொடுத்தது அரசாங்கம். நான் வாங்காவிட்டால் வேறொருவர் வாங்கி நாலு அடி தூக்கியிருப்பார். என் பிள்ளைகளுக்குப் பத்திரமான வீடு வேண்டும் என்று நினைத்தது பாவமா? நீங்களும் இப்படித்தான் கேட்பீர்கள். எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அத்தனை நியாயத்தையும் கூட்டிப் பார்த்தாலும் ஆயாவின் அரிசி டிரம் மிதந்தது மிதந்ததுதான். தட்டையான ஊரில் ஒருவர் மேடாக்கிக்கொண்டால் இன்னொருவர் பள்ளமாகிறார். என் பத்திரத்துக்கான விலையில் ஒரு பகுதியை அவர் கட்டியிருக்கிறார். பதினாலு வருஷமாக அந்தக் கணக்கு எனக்குத் தெரியவேயில்லை.

சிலருக்கு இந்த ஊரில் எங்கே வாழ்வது என்ற கேள்வியே கிடையாது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரையில் குடிசை போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கத்து அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். ‘ஆற்றை ஆக்கிரமித்தவர்கள்’ என்று அவர்களுக்குப் பெயர். அதே ஆற்றோரத்தில் அப்ரூவலோடு நிற்கிற கட்டடங்களுக்கு ‘ரிவர் வியூ’ என்று பெயர். போய்ச் சேர்ந்த பெரும்பாக்கமாவது மேடா என்றால் அதுவும் சதுப்பை ஒட்டிய தாழ்வான இடம், அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. வேலைக்கு நகரத்துக்குள் வரவேண்டுமென்றால் விடியற்காலையில் கிளம்பி பஸ் மாறி மாறி வரவேண்டும். அவர்களிடம் யாரும் எக்ஸெல் ஷீட் கேட்கவில்லை.

‘நல்ல ஏரியாவா பாருங்க’ என்று நாம் சொல்கிறோமே, அதற்கு என்ன அர்த்தம் என்று என்றைக்காவது யோசித்திருக்கிறீர்களா? வடசென்னை நம் லிஸ்டிலேயே வராது. ஆனால் நம் வீட்டு விளக்கு எரிய எண்ணூர், அத்திப்பட்டுப் பக்கம் நிலக்கரி எரிகிறது, சாம்பல் அங்கே விழுகிறது. நாம் வாசலில் வைத்த குப்பை பல பத்தாண்டுகளாகக் கொடுங்கையூருக்கும் பெருங்குடிக்கும்தான் போனது. நம் ஏரியா நல்ல ஏரியாவாக இருப்பதற்கு வேறு இரண்டு மூன்று ஏரியாக்கள் கெட்டுப்போக வேண்டியிருக்கிறது. கெட்டுப்போன பிறகு, ‘ஐயோ, அந்தப் பக்கமா?’ என்று மூக்கைச் சுளிப்பதும் நாம்தான்.

நம் பழைய இலக்கணக்காரர்கள் ‘திணை’ என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். நெய்தல் என்றால் கடற்கரை, மருதம் என்றால் வயல் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். திணை என்ற சொல்லுக்கு ஒழுக்கம் என்றும் ஒரு பொருள் உண்டு. எந்த நிலத்தில் இருக்கிறாயோ அதற்கேற்ப நடந்துகொள் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. நாம் நிலத்தை மட்டும் பிடித்துக்கொண்டு நடத்தையை விட்டுவிட்டோம். 2015-ல் மூழ்கிய இதே ஊருக்கு 2019-ல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அது வேறென்ன?

சரி, அதற்காக யாரும் சென்னைக்கு வரக்கூடாதா? மரத்தின் மேல் வீடு கட்டிக்கொள்வதா? அப்படிச் சொல்லவில்லை. பிழைப்புக்கு ஊர் மாறுவது மனுஷ ஜாதி ஆதியிலிருந்து செய்கிற காரியம். கடலோர நகரங்கள் எல்லாமே வந்தேறிகளால் ஆனவைதான், நான் உட்பட. எந்த இடத்துக்குப் போனாலும் யாரோ ஒருவருக்கு ஒரு கடன் விழத்தான் செய்யும். அதைத் தெரிந்துகொண்டு குடிபோகலாமே என்கிறேன்.

வந்தவுடனே வாங்காதீர்கள். ஒரு மே மாதத்தையும் ஒரு நவம்பர் மாதத்தையும் வாடகை வீட்டில் இருந்து பாருங்கள். அந்த இடம் முன்னால் என்னவாக இருந்தது என்று கேளுங்கள். ஏரி என்றால் எத்தனை சல்லிசாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். கட்டினால் வாசல் முழுக்க சிமெண்ட் பூசாமல் மண்ணுக்கும் கொஞ்சம் விடுங்கள். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டதுதான். பல வீடுகளில் குழாய் மட்டும் இருக்கிறது, தண்ணீர் சாலைக்குத்தான் போகிறது. உங்கள் மனையில் விழுகிற மழையை உங்கள் மனையிலேயே இறக்கப் பாருங்கள். நான் என் வீட்டு முன்னால் போட்டிருந்த சிமெண்டை 2016-ல் உடைத்தேன். ஆயாவின் வீட்டுக்கு அதனால் எத்தனை அங்குலம் குறையும்? ரொம்பக் கொஞ்சம்தான். ஆனால் ‘எனக்கும் இதில் பங்கு இருக்கிறது’ என்று ஒத்துக்கொள்ள எனக்கு வேறு வழி தெரியவில்லை.

இதையெல்லாம் அடுத்த வாரம் அந்தப் பையனிடம் போனில் சொன்னேன். அமைதியாகக் கேட்டான். ‘மாமா, எனக்கு இருக்கற பட்ஜெட்டுல இதெல்லாம் பார்த்தா வீடே கெடைக்காதுங்க’ என்றான். அதுவும் உண்மைதான். கடைசியில் மேடவாக்கத்தில் முதல் மாடியில் ஒரு வீடு பிடித்தான். ஆபீஸ் பக்கம், வாடகை கட்டுப்படி. நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஐப்பசி மாதம் ஒரு ராத்திரி, நல்ல மழை. பதினோரு மணிக்கு அவனிடமிருந்து போன். பதறிப்போய் எடுத்தேன்.

‘ஒண்ணுமில்ல மாமா, நாங்க நல்லாத்தான் இருக்கறோம். கீழ பார்க்கிங்ல வாட்ச்மேன் குடும்பம் இருக்குதுங்க, ரெண்டு சின்னப் பசங்க. தண்ணி ஏறுச்சுன்னா நேரா மேல எங்க வீட்டுக்கு வந்துருங்கன்னு சொல்லி வெச்சிருக்கறேன். ரேஷன் கார்டு, பசங்க சர்டிபிகேட்டெல்லாம் இப்பவே வாங்கி எங்க பீரோவுல வெச்சுட்டேன். வேற என்ன மாமா பண்ணலாம்?’

அன்றைக்குத் தண்ணீர் ஏறவில்லை. ஆனால் அவன் அந்த இடத்துக்கு அன்றைக்குத்தான் குடிபோயிருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. அவனுடைய எக்ஸெல் ஷீட்டில் இதற்கு ஒரு கட்டம் சேர்த்தானா, எத்தனை மார்க் போட்டான் என்று நான் கேட்கவில்லை.