நீர் காத்த நகரம்

அணையைக் கட்டியவர்களுக்கு அந்த நகரத்தைப் பாதுகாக்கும் எண்ணம் ஏதும் இருக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். இப்போது அதன் புகைப்படங்களைப் பார்க்கிறவர்கள் – நானும் அவர்களில் ஒருவன் – மிகச் சுலபமாக மறந்துபோவது இதைத்தான். சீனாவின் செஜியாங் மாகாணத்தில், ஷின்ஆன் ஆற்றின் குறுக்கே 1957இல் வேலை தொடங்கிய அணை. 105 மீட்டர் உயரம். 1959இல் நீர் தேக்கப்பட்டபோது இரண்டு பழைய நகரங்களும் அவற்றைச் சுற்றியிருந்த கிராமங்களும் உள்ளே போயின. ஏறத்தாழ 2,90,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். 'மாபெரும் பாய்ச்சல்' என்று அரசு பெயர் சூட்டியிருந்த ஆண்டுகள் அவை. 1959லிருந்து 1961 வரை நாடு பஞ்சத்தில் கிடந்தது. மூட்டையைக் கட்டிக்கொண்டு எங்கே போவது என்பது ஒரு பிரச்னை. போன இடத்தில் எதைத் தின்பது என்பது இன்னொன்று. மலையுச்சிகள் தீவுகளாக மிஞ்சின. ஏரிக்குச் சியான்டாவ், அதாவது ஆயிரம் தீவுகள், என்று பெயர் வந்தது. பெயர் அழகாகத்தான் இருக்கிறது. அதன் நீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள்.

மூழ்கிய இரண்டில் ஒன்று ஷிசெங், சிங்க நகரம். 2001இல் பெய்ஜிங்கிலிருந்து ஸ்கூபா முக்குளிப்பவர்கள் வந்து இறங்கிப் பார்த்தார்கள். மதில் அப்படியே இருந்தது. வாயில்கள் இருந்தன. சிங்கமும் டிராகனும் செதுக்கிய கல் வளைவுகள், மரத் தூண்கள், மாடிப்படிகள் கூட. மரம் நாற்பது வருஷம் தாங்கியதில் அதிசயம் இல்லை: நன்னீரில், கடல்மரத்தைத் துளைத்துத் தின்னும் புழு கிடையாது, வெயில் இல்லை, காற்று இல்லை, ஆழத்தில் எப்போதும் குளிர். 2011இல் படங்கள் வெளிவந்து உலகம் பார்த்தது. அதே ஆண்டு மாகாண அரசு அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. மூழ்கடித்ததும் அரசுதான், பாதுகாப்பதும் அரசுதான். இடையில் ஐம்பது வருஷம்.

நண்பர் ஒருவர் – கவிதை எழுதுகிறவர், அணைகளின் மேல் பிரேமை ஏதும் இல்லாதவர் – இந்தப் படங்களைக் காட்டி என்னிடம் ஒரு வாதம் செய்தார். அணை வராமலிருந்தால் அந்த நகரம் இன்று இருந்திருக்குமா? பெய்ஜிங்கின் சொந்த மதில் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் இடித்துத் தள்ளப்பட்டது. 1966க்குப் பிறகு, கலாச்சாரப் புரட்சியில், பழையது என்று தோன்றிய எதையும் சிவப்புக் காவலர்கள் விட்டுவைக்கவில்லை. அவர்கள் எட்டாத ஆழத்தில் இருந்தது ஷிசெங். ஆக, கொன்ற நீர்தானே காப்பாற்றியது?

வாதம் பலவீனமானதல்ல. தகவல்கள் எல்லாம் சரி. ஆனாலும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. ஏன் முடியவில்லை என்று பார்ப்பதே இந்தக் கட்டுரை.

எதிர்பாராத நல்விளைவு ஒரு செயலுக்கு மன்னிப்பாகாது என்று சொல்லி முடித்துவிடலாம். அது பழைய பதில், சரியான பதில், ஆனால் போதாத பதில். இங்கே நடந்தது நல்விளைவுதானா என்பதே என் கேள்வி. எது காப்பாற்றப்பட்டது? ஷிசெங்கில் குடியிருந்தவர்கள் இருந்திருந்தால் அந்த வீடுகளை என்ன செய்திருப்பார்கள்? எல்லா ஊர்க்காரர்களும் செய்வதைத்தான். ஓட்டைப் பிரித்துவிட்டுச் சிமெண்ட் போட்டிருப்பார்கள். செதுக்கிய கதவைக் கழற்றிப் பழைய சாமான் வியாபாரிக்கு விற்றுவிட்டு இரும்புக் கதவு வைத்திருப்பார்கள். பாகப்பிரிவினையில் முற்றத்தின் நடுவே சுவர் எழுப்பியிருப்பார்கள். நமக்கு அது ரசனைக் கேடு. அவர்களுக்கு அது வாழ்க்கை. தன் வீட்டைத் தானே சிதைத்துக்கொள்ளும் உரிமை என்று ஒன்று உண்டு. குடியிருப்பது என்பதன் பெரும்பகுதி அதுதான் என்று கூட எனக்குத் தோன்றுகிறது. நீர் பறித்தது அதைத்தான். கல்லும் மரமும் மாறாமலிருப்பது, மாற்றியிருக்கக் கூடியவர்கள் அங்கே இல்லாததன் ஸ்தூல வடிவம். படங்களில் நாம் காண்பதும் வியப்பதும் அந்த இன்மையைத்தான்.

கல் வளைவுகளையே எடுத்துக்கொள்வோம். சீனாவில் இவ்வகை நினைவு வளைவுகளில் ஒரு பகுதி, கணவன் இறந்தபின் மறுமணம் செய்துகொள்ளாமல் கிடந்து மாய்ந்த விதவைகளின் கற்பைப் போற்ற, அரசன் அனுமதியோடு எழுப்பப்பட்டவை. ஊர் இருந்திருந்தால், அந்த வம்சத்துப் பெண் ஒருத்திக்கு ஒருநாள் அந்த வளைவின் அடியில் நடக்கவே பிடிக்காமல் போயிருக்கலாம். அதை இடிக்கச் சொல்லியிருக்கலாம். அல்லது எதிர்த்தவர்களோடு சண்டை போட்டிருக்கலாம். கலாச்சாரம் என்று நாம் சொல்வது இந்தச் சண்டை நடக்கும் களம்; நீருக்கடியில் சண்டை இல்லை. சிவப்புக் காவலர்கள் உடைத்ததற்கு இது சமாதானம் அல்ல – அவர்களும் வெளியிலிருந்து வந்த நீர்தான்.

முக்குளிப்பவர்களைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. புதுச்சேரிக் கடலில் இரண்டு முறை இறங்கியிருக்கிறேன், 12 மீட்டருக்கு மேல் போனதில்லை. தன் மூச்சின் ஓசை மட்டுமே கேட்கும் அந்த நிலை எவ்வளவு மயக்குவது என்று தெரியும். ஷிசெங் 26 மீட்டரிலிருந்து 40 மீட்டர் ஆழத்தில் கிடக்கிறது. 30 மீட்டரில் அழுத்தம் நிலத்தில் இருப்பதைப் போல நான்கு மடங்கு. சிலிண்டர்க் காற்று நான்கு மடங்கு வேகமாகத் தீரும். இருபது நிமிஷத்துக்கு மேல் தங்கினால், மேலே வரும் வழியில் நின்று நின்று வர வேண்டும், இல்லாவிட்டால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகிவிடும். சிவப்பு நிறம் முதல் சில மீட்டர்களிலேயே செத்துவிடுகிறது. டார்ச் அடித்தால்தான் திரும்பி வரும். காலில் மாட்டிய துடுப்பு ஒருமுறை வண்டலைத் தட்டிவிட்டால் நகரமே மறைந்துவிடும். இன்னொன்றும் உண்டு: ஏறக்குறைய இதே ஆழத்தில்தான் நைட்ரஜன் மூளையில் லேசான போதையாக ஏறத் தொடங்குகிறது. சாதாரணக் கல் கூட ஏதோ அர்த்தம் பொதிந்ததாகத் தோன்றும். அங்கே போய்வந்தவர்கள் சொல்லும் பரவசத்தில் சரித்திரம் எவ்வளவு, வாயு எவ்வளவு என்று யார் பிரிப்பது?

நல்ல முக்குளிப்பவர்கள் எதையும் தொடுவதில்லை, எதையும் எடுப்பதில்லை. மிகவும் நாகரிகமானவர்கள். ஆனால் அந்த நாகரிகம் கல்லுக்குக் காட்டப்படுவது. இங்கிலாந்தில் லேடிபவர் நீர்த்தேக்கத்துக்காக டெர்வென்ட் கிராமத்தை மூழ்கடித்தபோது, தேவாலயக் கோபுரத்தை நினைவுச் சின்னமாக விட்டுவைத்தார்கள். நீந்திப்போய்ப் பார்க்கிறவர்களுக்கு ஆபத்து என்று 1947இல் அதை வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே பார்ப்பவனுக்காக இடித்தார்கள். சியான்டாவில் பார்ப்பவனுக்காகக் காக்கிறார்கள். இரண்டு கணக்கிலும் குடியிருந்தவன் வரவில்லை. அவன் பார்ப்பவன் அல்ல, இழந்தவன். படகில் வந்து டிக்கெட் வாங்கினால் மட்டுமே அவனும் பார்ப்பவனாக முடியும்.

ஆழ்ந்து இறங்காமலேயே பார்க்கக் கிடைக்கும் இடிபாடு நம்மிடமும் உண்டு. 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில், மட்டம் வெகுவாக இறங்கினால், பண்ணவாடிப் பக்கம் நந்தி ஒன்று தலை தூக்கும்; தேவாலயக் கோபுரம் வெளியே வரும். பத்திரிகைகள் படம் போடும். ஆனால் இங்கே அந்தக் காட்சிக்கு ஒரு விலை இருக்கிறது: நந்தி தெரிகிறது என்றால் தஞ்சாவூர்க்காரனுக்கு வயிற்றில் கலக்கம். நீரும் வெயிலும் மாறி மாறிப் படுவதால் கல் தேய்கிறது, காரை உதிர்கிறது. ஷிசெங்குக்குக் கிடைத்த சாஸ்வதம் இதற்குக் கிடைக்காது. நீர் விலகிய வண்டலில் கரையோரத்து ஜனங்கள் ஏரோட்டிக் கடலையும் எள்ளும் கேழ்வரகும் விதைக்கிறார்கள். கர்நாடகத்தில் மழை பிடித்துத் தண்ணீர் ஏறுவதற்குள் அறுத்துவிட வேண்டும்.